விலங்கின் உள்விட்டம்: மூழ்கிய அடிமைக் கப்பல்களும் அவற்றின் பொருட்பட்டியல்களும்



அண்ணனின் நினைவுச் சொற்பொழிவை இந்த ஆண்டு நிகழ்த்த வேண்டும் என்று கேட்டபோது எதைப் பேசுவது என்று எனக்குத் தெளிவில்லை. சென்ற மாதம் அமைப்பு அலுவலகத்துக்கு வந்த அன்று அது முடிவாயிற்று. அண்ணன் விட்டுச்சென்ற தகரப் பெட்டியை இளைய தோழர்கள் திறந்து, உள்ளே இருந்தவற்றுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தார்கள். துண்டறிக்கைகள், மாநாட்டு பேட்ஜுகள், ஒரு ரப்பர் முத்திரை, ரசீதுப் புத்தகங்கள். பட்டியலை வாங்கிப் பார்த்தேன். 14ஆம் வரி இது: “அலுமினியக் குவளை – 1. விளிம்பு நசுங்கியது.”

அந்தக் குவளை பெட்டிக்குள் வந்த கதை இங்கே இருக்கும் மூத்த தோழர்களுக்குத் தெரியும். ஒரு தேநீர்க் கடையில் மற்றவர்களுக்குக் கண்ணாடி டம்ளரும் நம்மவர்களுக்கு அந்த அலுமினியக் குவளையும் தனித்தனியே இருந்தன. பொதுக் குவளை கேட்டுப் போராடி வென்ற நாளில் அண்ணன் அதைக் கையோடு எடுத்துவந்தார். பட்டியல் எழுதிய தோழருக்கு அப்போது பிறப்பே இல்லை. அவர் பார்த்ததை எழுதினார். அவர் எழுதியதில் தவறு ஏதுமில்லை. ஆனால் ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்த வரியைப் படிக்கிறவர், அண்ணன் அதில் காப்பி குடித்தார் என்றுதான் நினைப்பார்.

பட்டியல் என்பது வரலாறு எழுதுவதற்கு முந்தைய எளிய எழுத்தர் வேலை என்று நாம் நினைக்கிறோம். எது ஒரு பொருள், அது எந்த வகையில் சேரும், அதைப் பற்றி எதைக் குறித்துக்கொள்ள வேண்டும், எதை விடலாம் என்ற முடிவுகள் எல்லாம் பட்டியலில்தான் எடுக்கப்படுகின்றன. வரலாற்று நூல் எழுதுகிறவர் பிறகுதான் வருகிறார். இதை விளக்க உங்களைக் கடலுக்கு அழைத்துப் போகிறேன். மூழ்கிய அடிமைக் கப்பல்களிலிருந்து எடுக்கப்பட்ட சின்னச் சின்ன உலோகப் பொருட்களை ஆய்வாளர்கள் எப்படி எண்ணினார்கள், எப்படி வகைப்படுத்தினார்கள் என்பதைப் பார்த்துவிட்டு மீண்டும் 14ஆம் வரிக்கு வருவோம்.

தங்கம் இல்லாத கப்பல்

1972இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்குத் தெற்கே, கீ வெஸ்ட் தீவிலிருந்து மேற்கே சுமார் 35 மைல் தொலைவில், மெல் ஃபிஷர் என்பவரின் குழு புதையல் தேடிக்கொண்டிருந்தது. அவர்கள் தேடியது 1622இல் புயலில் மூழ்கிய ‘அட்டோச்சா’ என்ற ஸ்பானியக் கப்பலை. அதில் பொன்னும் வெள்ளியும் இருந்தன. தேடிய இடத்துக்கு அருகே வேறொரு கப்பலின் எச்சங்கள் தட்டுப்பட்டன. அதில் பொன் இல்லை. துருப்பிடித்துக் கட்டி தட்டிப்போன இரும்பு இருந்தது. அந்த இரும்பில் கைகால் விலங்குகளும் இருந்தன. இது வேறு கப்பல் என்று தெரிந்ததும் குழு தன் தேடலுக்குத் திரும்பியது. பல ஆண்டுகளுக்கு அது ‘ஆங்கிலக் கப்பல்’ என்ற பொதுப்பெயரோடு மணலுக்கடியில் கிடந்தது.

அதே 1972இல்தான் பம்பாயில் நாம்தேவ் தசால், ஜே.வி. பவார், ராஜா தாலே முதலிய இளைஞர்கள், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் கருஞ்சிறுத்தைகள் கட்சியின் பெயரைத் தழுவி தலித் பேந்தர்ஸ் இயக்கத்தைத் தொடங்கினார்கள். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் கறுப்பின மக்களின் வரலாறு நமக்கு அயலார் வரலாறு அல்ல. ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ நூலை, நீக்ரோ அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா. அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் படிகளைக் கேட்டார். அந்தத் தொடர்பின் பெயரால்தான் இந்தக் கப்பலைப் பற்றி இந்த மேடையில் பேசுகிறேன்.

1983இல் ஒரு குழு அந்த இடத்துக்குத் திரும்பிச் சென்றது. இம்முறை டேவிட் மூர் என்ற தொல்லியலாளரும் உடன் இருந்தார். கடலடியிலிருந்து வெண்கல மணி ஒன்று மேலே வந்தது. மேலே படிந்திருந்த சுண்ணத்தை நீக்கியதும் எழுத்துகள் தெரிந்தன: ஹென்ரியெட்டா மேரி, 1699. ஓர் உலோகப் பொருளில் பொறித்திருந்த அந்தப் பெயர் லண்டன் ஆவணங்களுக்கு வழிகாட்டியது. கப்பல் எப்போது புறப்பட்டது, யார் பணம் போட்டார்கள், யார் தலைமையில் சென்றது என்பவை ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. 1699இல் லண்டனிலிருந்து கிளம்பி, மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களை ஏற்றி, 1700ஆம் ஆண்டு மே மாதம் ஜமைக்காவின் போர்ட் ராயல் துறையில் ஏறத்தாழ 190 பேரை விற்ற கப்பல் அது. விற்ற காசில் சர்க்கரையும் பருத்தியும் அவுரியும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும் வழியில் பவளத்திட்டில் மோதி மூழ்கியது. மாலுமிகளில் யாரும் பிழைக்கவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். கப்பல் மூழ்கியபோது அதில் அடிமைகள் இல்லை. அவர்கள் ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்டார்கள். மூழ்கியவை அவர்களைப் பூட்டிய இரும்பும், அடுத்த பயணத்தில் அடுத்தவர்களைப் பூட்ட வைத்திருந்த அதே இரும்பும்தான்.

ஒரு பொருள் எப்படிப் பட்டியலுக்கு வருகிறது

கடலில் நூற்றாண்டுகள் கிடந்த இரும்பு, இரும்பு போலவே தெரியாது. துரு, மணல், சிப்பி, சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்து அதைச் சுற்றிக் கல்போல் இறுகிவிடும். ஒரு கட்டிக்குள் ஓர் ஆணியும் ஒரு கரண்டியும் நான்கு பாசிமணிகளும் சேர்ந்து இருக்கலாம். அதனால் முதலில் கட்டிக்கு ஓர் எண் தருகிறார்கள். கடலடியில் அது எந்தக் கட்டத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்று வரைபடத்தில் குறிக்கிறார்கள். பிறகு எக்ஸ்ரே எடுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்கள். உடைத்துப் பிரிக்கும்போது உள்ளிருந்து வரும் ஒவ்வொன்றுக்கும் தாய்க்கட்டியின் எண்ணோடு ஒட்டிய துணை எண் கொடுக்கிறார்கள். எது எதோடு சேர்ந்து கிடந்தது என்ற சேதி அழியாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

அதற்குப் பின் உப்பை வெளியேற்ற வேண்டும். இரும்பைக் காரக் கரைசலில் இட்டு, மென்மையான மின்சாரம் பாய்ச்சி மின்னாற்பகுப்பு செய்கிறார்கள். மாதக்கணக்கில், பெரிய பொருளென்றால் ஆண்டுக்கணக்கில் இது நடக்கும். அவசரப்பட்டு வெளியே எடுத்து உலரவிட்டால் இரும்பு செதில் செதிலாக உதிர்ந்துவிடும். பிறகு டானிக் அமிலம் பூசி, மெழுகு ஏற்றி, நீளம், அகலம், எடை, விட்டம் எல்லாம் அளந்து, படம் வரைந்து, புகைப்படம் எடுத்து அட்டையில் எழுதுகிறார்கள். பொறுமையான வேலை. நம் வரலாற்றை எழுத விரும்பும் மாணவர்கள் இந்தப் பொறுமையை மதிக்க வேண்டும். உணர்ச்சிக்கு முன்னால் அளவு வரட்டும் என்று சொல்லும் ஒழுக்கம் அது.

கரண்டிக்குப் பெயர் உண்டு

ஹென்ரியெட்டா மேரியில் கிடைத்த சிறு உலோகப் பொருட்களில் பெரும் பங்கு பியூட்டர் என்னும் வெள்ளீயக் கலவைப் பாத்திரங்கள்: கிண்ணங்கள், தட்டுகள், குடுவைகள், கரண்டிகள். ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களுக்கு மாற்றாகக் கொடுக்க எடுத்துச் சென்றவை, செலவாகாமல் மீந்தவை. அந்தக் காலத்து லண்டன் பியூட்டர் பாத்திரங்களைப் பற்றி அறிய இன்று இந்தக் கப்பல் ஒரு முக்கியமான சான்று.

லண்டனில் பியூட்டர் செய்யும் கைவினைஞர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. ஒவ்வொரு கைவினைஞரும் தனக்கென ஒரு முத்திரையைச் சங்கத்தில் பதிந்துகொண்டு, அதைத் தான் செய்த பாத்திரத்தில் குத்த வேண்டும். 1666இல் லண்டன் எரிந்தபோது அந்தப் பதிவுத் தகடுகள் அழிந்தன. பின்னர் மீண்டும் பதியத் தொடங்கினார்கள். எனவே கடலடியில் கிடந்த ஒரு பாத்திரத்தை எடுத்து, அதிலுள்ள முத்திரையைப் பதிவோடு ஒப்பிட்டு, இதை இன்னார் செய்தார் என்று சொல்ல முடிகிறது.

இப்போது அந்தப் பட்டியலை மனதில் விரித்துப் பாருங்கள். கப்பலின் பாகங்கள் ஒரு வகை. ஆயுதங்கள் ஒரு வகை. சமையல் சாமான்கள் ஒரு வகை. வணிகச் சரக்கு ஒரு வகை. மாலுமிகளின் சொந்தப் பொருட்கள் ஒரு வகை. விலங்குகள் கப்பல் சாமான்களோடு சேரும். அவை கப்பலின் உடைமை. மனிதர்களை வாங்கப் பயன்பட்ட கிண்ணம் சரக்கு. வாங்கப்பட்ட மனிதர்களுக்கு மட்டும் ஒரு வகை இல்லை. அவர்களிடம் உடைமை இருக்கவில்லை. அவர்களே உடைமையாக இருந்தார்கள். பொருட்களை உரிமையாளரைக் கொண்டு வகைப்படுத்தும் பட்டியலில், உரிமை மறுக்கப்பட்டவர் தாமாகவே காணாமல் போகிறார். இதில் யாருடைய சதியும் தேவையில்லை. கட்டம் போட்ட தாளே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

கரண்டி செய்தவரின் முத்திரை கிடைக்கிறது. பணம் போட்டவரின் பெயர் கிடைக்கிறது. ஜமைக்காவில் விற்கப்பட்ட அந்த 190 பேருக்கு எண்ணிக்கை மட்டும்தான் கிடைக்கிறது.

விலங்கை அளப்பது

அப்படியானால் அந்த மக்கள் பட்டியலில் எங்கேயும் இல்லையா? இருக்கிறார்கள். விலங்கின் வளையத்துக்குள் இருக்கும் வெற்றிடத்தில் இருக்கிறார்கள்.

இந்தக் கப்பலில் 80க்கும் மேற்பட்ட விலங்குகள் கிடைத்தன. ஒரே கப்பலில் இத்தனை விலங்குகள் கிடைத்தது அரிது. அமைப்பு எளிமையானது: ஓர் இரும்புக் கம்பி, அதில் கோத்த இரண்டு லாட வடிவ வளையங்கள், கம்பி கழலாமல் இருக்க ஒரு முனையில் ஆப்பு. பட்டியலில் ஒரு விலங்கு, ஓர் எண். ஆனால் ஒரு விலங்கு என்பது இரண்டு மனிதர்கள். கப்பல் மருத்துவராக இருந்து பின்னர் அடிமை வணிகத்தை எதிர்த்த அலெக்சாண்டர் ஃபால்கன்பிரிட்ஜ் 1788இல் வெளியிட்ட நூலில், ஆண்களை இருவர் இருவராகச் சேர்த்துப் பிணைத்ததைப் பதிந்திருக்கிறார். ஒருவர் எழுந்தால் மற்றவரும் எழ வேண்டும். ஒருவர் செத்தால் மற்றவர் பிணத்தோடு கிடக்க வேண்டும். “விலங்கு – 1” என்ற வரியை “இருவர்” என்று படிக்கத் தெரிந்தால், 80 என்ற எண் 160ஆகிறது.

அடுத்தது உள்விட்டம். வளையங்கள் ஒரே அளவில் இல்லை. சில மிகச் சிறியவை. அவை பெண்களுக்கோ சிறுவர்களுக்கோ உரியவையாக இருக்கலாம் என்று அருங்காட்சியகக் குறிப்புகள் சொல்கின்றன. பார்த்தவர்கள் கலங்குவது இந்தச் சிறிய விலங்குகளின் முன்தான். ஆனால் பெண்களையும் சிறுவர்களையும் பொதுவாக விலங்கிடாமல் வைத்திருந்தார்கள் என்ற குறிப்புகளும் அக்கால ஆவணங்களில் உண்டு. சிறிய வளையம் ஓர் ஆணின் மணிக்கட்டுக்கு உரியதாகவும் இருக்கலாம். நாம் உடனே ஒரு முடிவுக்குத் தாவ வேண்டியதில்லை. அட்டையில் அளவைச் சரியாக எழுதி, இரண்டு விளக்கங்களையும் பக்கத்தில் எழுதி வைத்தால் போதும். மிகைப்படுத்தினால் அதைக் காட்டியே மொத்தத்தையும் மறுப்பார்கள் என்பது நமக்குப் புதிய அனுபவம் அல்ல. இரும்பு தானே போதுமான கொடுமையைச் சொல்கிறது.

ஒரு கழுத்தின் அளவு, ஒரு கணுக்காலின் அளவு என்பவை அந்த மனிதர்கள் விட்டுச்சென்றவை அல்ல, அவர்கள்மீது செலுத்தப்பட்டவை. ஆனாலும் ஒரு கொல்லன் அந்த வளையத்தை வளைத்தபோது ஓர் உடலை மனதில் வைத்துத்தான் வளைத்தான். அந்த உடலை மீட்க நமக்கு இருக்கும் வழி அந்த அளவுதான்.

மனிதரை ஈடுகட்டிய இரும்பு

இரண்டாவது கப்பல் தென்னாப்பிரிக்காவில் மூழ்கியது. ‘சாவ் ஜோஸே’ என்ற போர்ச்சுகீசியக் கப்பல் 1794ஆம் ஆண்டு டிசம்பர் 27 அன்று கேப் டவுனுக்கு அருகே பாறையில் மோதி உடைந்தது. மொசாம்பிக்கிலிருந்து பிரேசிலுக்குக் கொண்டு செல்லப்பட்ட சுமார் 500 பேர் அதில் இருந்தார்கள். 212 பேர் இறந்தார்கள். கரையேறிய மற்றவர்களைக் காப்பாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. சில நாட்களிலேயே அங்கேயே விற்றுவிட்டார்கள்.

1980களில் இந்தக் கப்பலைக் கண்ட புதையல் தேடிகள் இதை வேறொரு பழைய டச்சுக் கப்பல் என்று நினைத்தார்கள். உண்மையை வெளிக்கொண்டுவந்த தடயங்களில் ஒன்று சாதாரண இரும்புக் கட்டிகள். கப்பல் நிலைதடுமாறாமல் இருக்க அடித்தளத்தில் எடை வைப்பார்கள். சரக்கு மூட்டைகள் கனமானவை; இடம்விட்டு நகராதவை. மனிதர்கள் எடை குறைந்தவர்கள், அசைகிறவர்கள், வழியில் இறந்து எண்ணிக்கை குறைகிறவர்கள். அதை ஈடுகட்ட இரும்பு தேவைப்பட்டது. லிஸ்பனில் இருந்த பழைய சரக்குப் பட்டியலில் இந்தக் கப்பலுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புக் கட்டிகள் ஏற்றியது பதிவாகியிருந்தது. கேப் டவுன் ஆவணக் காப்பகத்தில் கப்பல் தலைவனின் வாக்குமூலம் கிடைத்தது. கடலடியில் இரும்புக் கட்டி கிடைத்தது. மூன்றும் பொருந்தின. 2015இல் உலகுக்கு அறிவித்தார்கள். புதையல் தேடியவருக்குப் பயனற்றதாகத் தெரிந்த இரும்பு, அந்தக் கப்பல் எதை ஏற்றியது என்பதன் சாட்சியாயிற்று.

இந்தக் கேப் டவுனுக்கும் நம் கரைக்கும் உறவு உண்டு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டு சேர்த்த அடிமைகளில் சோழமண்டலக் கரையைச் சேர்ந்தவர்களும் மலபாரைச் சேர்ந்தவர்களும் வங்காளத்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். அங்குள்ள பழைய பதிவேடுகளில் ‘இன்னார், கொரமண்டல்’ என்று அவர்கள் பெயர் வருகிறது. முதற்பெயர் எஜமானர் வைத்தது. ஊர்ப்பெயர் அவர்களை ஏற்றிய கரையைச் சொல்வது. பஞ்ச காலங்களில் நாகப்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இப்படி ஏற்றப்பட்டார்கள். பின்னாளில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் கழுத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையை மாட்டினார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் பள்ளர், பறையர், அருந்ததியர். அவர்கள் அடிமைகள் அல்ல என்றது சட்டம். ஆனால் சரக்கு மூட்டைபோல் அவர்களுக்கும் போய்ச்சேரும் முகவரி பொறித்த ஓர் உலோகத் துண்டு இருந்தது.

உலோகத்தின் ஊர்

இன்னும் ஒரு செய்தி. மேற்கு ஆப்பிரிக்க வணிகத்தில் வளையல் வடிவிலான ‘மணில்லா’ என்ற பித்தளைப் பணம் புழங்கியது. மூழ்கிய கப்பல்களில் இவை கிடைக்கின்றன. 2023இல் வெளியான ஓர் ஆய்வில், கப்பற்சிதைவுகளிலிருந்தும் நிலத்திலிருந்தும் கிடைத்த 67 மணில்லாக்களின் உலோகத்தைச் சோதித்தார்கள். அதிலுள்ள ஈயத்தின் தன்மையைக் கொண்டு, பழைய மணில்லாக்கள் பலவற்றின் உலோகம் ஜெர்மனியின் ரைன்லாந்து பகுதியிலிருந்து வந்தது என்று காட்டினார்கள். புகழ்பெற்ற பெனின் வெண்கலச் சிற்பங்களின் உலோகமும் இதோடு பொருந்தியது. மணில்லாவை உருக்கி அரசவைக் கலைஞர்கள் அந்தச் சிற்பங்களை வார்த்தார்கள் என்பதற்கு இது வலுவான சான்று.

ஒவ்வொரு மணில்லாவும் எந்தக் கப்பலில், எந்த இடத்தில் கிடைத்தது என்று யாரோ ஒருவர் முன்பே எழுதி வைத்திருந்ததால்தான் இது முடிந்தது. கடைத்தெருவில் விற்கப்பட்ட, இடக்குறிப்பு இல்லாத மணில்லா இதற்குப் பயன்படாது. அறிவியல் இவ்வளவு தூரம் வந்துவிட்டது: ஒரு பித்தளை வளையத்தின் ஊரைச் சொல்ல முடிகிறது. அதைக் கொடுத்து வாங்கப்பட்ட பெண்ணின் ஊரைச் சொல்ல முடிவதில்லை. இந்த ஏற்றத்தாழ்வை நாம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

14ஆம் வரிக்குத் திரும்புவோம்

ஒரு தேநீர்க் கடை மண்ணில் புதைந்து, முந்நூறு ஆண்டுகள் கழித்து அதைத் தோண்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு கண்ணாடி டம்ளர்களும் இரண்டு அலுமினியக் குவளைகளும் கிடைக்கின்றன. நல்ல தொல்லியலாளர் அளவு, எடை, உலோகம் எல்லாம் எழுதுவார். எது எங்கே கிடந்தது என்று அவர் குறித்தால் மட்டுமே, கண்ணாடி டம்ளர்கள் கடைக்குள்ளும் குவளைகள் கடைக்கு வெளியே கூரைக் கழியில் மாட்டியபடியும் இருந்தன என்பது தெரியும். சாதி உலோகத்தில் இல்லை. இரண்டு பொருட்களுக்கும் இடையிலான தூரத்தில் இருக்கிறது. அந்தத் தூரத்தை எழுதாத பட்டியல், எழுதியவருக்கு அப்படியொரு எண்ணம் இல்லாவிட்டாலும், சாதியை மறைத்த பட்டியல்தான்.

அயோத்திதாசர் நூறாண்டுகளுக்கு முன் ‘தமிழன்’ இதழில் சொற்களிலும் சடங்குகளிலும் புதைந்திருந்த வரலாற்றைத் தோண்டி எடுத்தார். அரண்மனையும் கல்வெட்டும் நமக்கு இல்லை என்று அவர் சும்மா இருக்கவில்லை. நம்மிடம் சொற்கள் இருப்பதுபோல் பொருட்களும் இருக்கின்றன. தப்பட்டை வளையம், செருப்புத் தைக்கும் ஊசி, துப்புரவுப் பணியாளரின் எண் வில்லை, பஞ்சாலைத் தொழிலாளியின் டோக்கன், பாட்டியின் பித்தளைத் தண்டட்டி. வீட்டில் பழைய இரும்புக்காரனுக்குப் போடும் முன் இவற்றைப் பதிவு செய்யுங்கள்.

பதிவு செய்யும்போது மூன்று கட்டங்களைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இளைய தோழர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று: எது எதற்குப் பக்கத்தில் இருந்தது, எதிலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருந்தது. இரண்டு: யார் இதைப் பயன்படுத்தினார், யார்மீது இது பயன்படுத்தப்பட்டது, இரண்டும் வேறு வேறு. மூன்று: இதைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார். தெரிந்ததைத் தெரிந்ததாகவும், ஊகத்தை ஊகமாகவும் எழுதுங்கள். பெயர் தெரியாத இடத்தை வெற்றிடமாகவே விடுங்கள். ஆனால் கட்டத்தை நீக்கிவிடாதீர்கள். வெற்றுக் கட்டம், இங்கே ஒருவர் இருந்தார் என்று சொல்லும்.

ஹென்ரியெட்டா மேரி கிடந்த இடத்தில் 1990களின் தொடக்கத்தில் கறுப்பின ஆழ்கடல் முக்குளிப்பாளர்களின் சங்கம் ஒன்று, கான்கிரீட் பீடத்தில் பதித்த வெண்கலத் தகடு ஒன்றைக் கடலடியில் நிறுவியது. அது ஆப்பிரிக்காவை நோக்கி இருக்கிறது. யாரும் தினமும் போய்ப் பார்க்கும் இடம் அல்ல. சாவ் ஜோஸே மூழ்கிய இடத்தில் 2015இல் மொசாம்பிக்கிலிருந்து கொண்டுவந்த மண்ணைத் தூவினார்கள். எந்த மண்ணிலிருந்து பிடித்துச் சென்றார்களோ, அந்த மண் அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. பட்டியலில் செய்ய முடியாததைச் சடங்கில் செய்தார்கள். ஆனால் பொறுமையாக எழுதிய பட்டியல் இல்லாவிட்டால், எந்த இடத்தில் மண்ணைத் தூவுவது என்றே தெரிந்திருக்காது.

அண்ணனின் குவளைக்கும் நாம் இதைச் செய்யலாம். அன்று அந்தக் கடை வாசலில் நின்றவர்களில் நான்கு பேர் இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்களைப் பிடித்து உட்கார வையுங்கள். குவளையைக் கையில் கொடுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். விளிம்பு எப்படி நசுங்கியது என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பிறகு 14ஆம் வரியை அடித்துவிட்டு மறுபடியும் எழுதுவோம்.